'ரன்' என்றால் ஓடு மட்டும்தானா?

[திரையில் ஒரே சொல்: ரன்]

'ரன்'னுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா சின்னப் பிள்ளைகூட 'ஓடு'ன்னு சொல்லிடும். ஆனா ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியைத் திருத்துறவங்க இந்தச் சொல்லை முடிக்கும்போது, வினைச்சொல்லா மட்டும் 645 பொருள் தேறியிருந்துச்சு. இது 2011-ல வந்த செய்தி. அதுக்கு முன்னாடி, 1989-ல வந்த இரண்டாம் பதிப்புல, முதலிடத்துல இருந்தது 'செட்'. அதுக்கு 430.

645-ஐயும் மனப்பாடம் பண்ண வேண்டாம். தமிழ் பேசுறவங்களுக்கு அதுல பெரிய பங்கு சும்மாவே கைக்கு வந்துடும். மோட்டார் ஓடுது, கடிகாரம் ஓடுது, படம் ரெண்டரை மணி நேரம் ஓடுது. மூணுக்குமே ஆங்கிலத்துல 'ரன்' போடலாம். நம்ம 'ஓடு' எங்க நின்னுடுதோ, அங்கதான் தப்பு ஆரம்பிக்குது.

[திரையில்: ஓடு / ஓட்டு]

தமிழ்ல ரெண்டு வினை இருக்கு. தானா ஓடினா 'ஓடு', இன்னொருத்தர் ஓட வச்சா 'ஓட்டு'. தன்வினை, பிறவினைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சது இதுதான். ஆங்கிலத்துலயும் ஒரு காலத்துல இப்படி ஜோடி இருந்துச்சு. பழைய ஆங்கிலத்துல 'ரின்னன்'னா ஓடு, பாய்ந்து போ. 'ஏர்னன்' அதோட பிறவினை, குதிரையை ஓட்டிப் போறதுக்கு வந்த சொல். நாளடைவுல ரெண்டும் கலந்து ஒரே 'ரன்' ஆயிடுச்சு. ஒரு சொல்லுக்குள்ள இவ்வளவு கூட்டம் சேர்ந்ததுக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஜெர்மன்ல இன்னும் தனித்தனியாவே இருக்கு: ஒழுகினா 'ரின்னன்', ஓடினா 'ரென்னன்'.

ஆங்கிலம் பிரிச்சுக் காட்டாததால, நாமதான் பிரிச்சுப் பார்க்கணும். 'ரன்'னுக்கு அடுத்து என்ன வருதுன்னு பாருங்க.

பெயர்ச்சொல் நேரா ஒட்டி வந்தா, பெரும்பாலும் பிறவினை. 'ஷி ரன்ஸ் எ ஸ்கூல்': பள்ளிக்கூடம் நடத்துறாங்க. 'ரன் தி புரோகிராம்': நிரலை இயக்கு. 'ரன் எ டெஸ்ட்': சோதனை பண்ணிப் பாரு. 'ரன் எ பாத்': குளிக்கிற தொட்டியில குழாயைத் திறந்து தண்ணி நிரப்பு. 'ரன் எ ரெட் லைட்' கொஞ்சம் விலகி நிக்கும், சிவப்பு விளக்கை மதிக்காம போறது. 'ரன்னிங் எ ஃபீவர்' இன்னும் விலகும். காய்ச்சலை யாரும் நடத்துறதில்ல, அது நமக்கு அடிக்குது.

இங்கதான் நாம வழக்கமா சறுக்குறோம். பஸ் ஓட்டுறார்ங்கிறதை அப்படியே 'ஹி ரன்ஸ் எ பஸ்'னு சொன்னா, அவர் பஸ் சர்வீஸ் நடத்துற முதலாளி ஆயிடுவார். ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு 'டிரைவ்'. பைக்குக்கும் சைக்கிளுக்கும் 'ரைடு'. 'ஹி ரன்ஸ் எ கார்'னும் சொல்லுவாங்க, பிரிட்டன்ல அதிகம். சொந்தமா கார் வச்சு, பெட்ரோல், ரிப்பேர்னு அதோட செலவைப் பார்த்துக்கிறார்னு அர்த்தம்.

பெயரடை வந்தா 'ஆகு'ன்னு எடுத்துக்கோங்க. 'ரன் டிரை' வறண்டு போறது, 'ரன் லோ' குறைஞ்சு வர்றது. 'ஐயம் ரன்னிங் லேட்'னு ஒருத்தர் மெசேஜ் அனுப்பினா, அவர் ஓடி வர்றார்னு நம்பிக் காத்திருக்காதீங்க. வர லேட் ஆகும், அவ்வளவுதான். அவர் இன்னும் கட்டிலை விட்டு எழுந்திருக்காமக்கூட இருக்கலாம்.

அடுத்து, அவுட், இன்டு, ஓவர் மாதிரி குட்டிச் சொல் ஒட்டி வர்றது. இதுல அர்த்தத்தை முடிவு பண்றதே அந்தக் குட்டிச் சொல்தான்.

மை தீர்ந்து போச்சுன்னா நாம 'இங்க் இஸ் ஓவர்'னு சொல்லிடுறோம். ஆங்கிலத்துல 'ஓவர்' ஆகுறது மீட்டிங், மேட்ச் மாதிரி நேரம் பிடிக்கிற விஷயங்கள். பொருள் தீர்ந்தா 'ரன் அவுட்'. அதை ரெண்டு விதமா சொல்லலாம். மையில ஆரம்பிச்சா 'தி இங்க் ஹேஸ் ரன் அவுட்'. ஆள்ல ஆரம்பிச்சா 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் இங்க்'. ஆள் வந்தா 'ஆஃப்' வேணும், மை முன்னாடி வந்துட்டா 'ஆஃப்' கூடாது. இன்னொண்ணு கவனிங்க, 'ஹேஸ்', 'ஹேவ்' பக்கத்துல வர்றது 'ரன்'தான், 'ரேன்' இல்ல. 'ஹேஸ் ரேன்' தப்பு.

[திரையில் ரெண்டு வரி, ஒண்ணு கீழ ஒண்ணு]

'வி ரேன் அவுட் ஆஃப் தி ரூம்.'
'வி ரேன் அவுட் ஆஃப் ரூம்.'

நடுவுல ஒரு 'தி'தான் வித்தியாசம். முதல் வரியில அறையை விட்டு வெளியே ஓடினோம். ரெண்டாவதுல யாரும் நகரவே இல்ல, இடம் பத்தாம போச்சு. 'தி' போனதும் 'ரூம்' அறையில இருந்து இடமா மாறிடுச்சு, கூடவே 'ரேன்'னும் ஓட்டத்தை விட்டுடுச்சு.

'ரன் இன்டு'வும் இப்படித்தான். பின்னாடி ஆள் வந்தா எதேச்சையா சந்திச்சோம், சுவர் வந்தா போய் மோதினோம், தொகை வந்தா 'அவ்வளவு ஆகும்'. செலவு லட்சக்கணக்குல ஓடும்னு நாமளும் சொல்றோமே, அதே தான். 'ரன் ஓவர்'ல கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க. கூட்டம் ரன் ஓவர்னா நேரம் தாண்டிப் போச்சு. குறிப்புகளை ரன் ஓவர் பண்ணினா ஒரு தடவை மேலோட்டமா பார்த்தாச்சு. நாயை ரன் ஓவர் பண்ணினா வண்டியை ஏத்தியாச்சு.

ஏமாத்துற ஜோடி ஒண்ணும் உண்டு. 'குடும்பம் ஓடுது'ன்னா ஏதோ சம்பாத்தியத்துல பொழப்பு நடக்குதுன்னு அர்த்தம். 'இட் ரன்ஸ் இன் தி ஃபேமிலி'ன்னா அந்த மூக்கோ முன்கோபமோ பரம்பரையா வருது. சொல்லுக்குச் சொல் பொருந்தற மாதிரி தெரியும், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல.

பெயர்ச்சொல்லா வர்றதை வேகமா பார்த்துடலாம். கிரிக்கெட்ல ஓட்டம். அச்சகத்துல 'பிரின்ட் ரன்', ஒரே தடவையில அடிக்கிற பிரதிகளோட எண்ணிக்கை. 'ரன் ஆன் எ பேங்க்', பேங்க் மேல நம்பிக்கை போய் எல்லாரும் ஒரே நேரத்துல பணத்தை எடுக்கக் குவியுறது. கோழிகள் நடமாட வலை கட்டி அடைச்ச இடம்கூட ஒரு 'ரன்'தான். பேச்சு வழக்குல 'தி ரன்ஸ்'னா வயிற்றோட்டம், இதை மொழிபெயர்க்கவே வேண்டாம். 'டிரையல் ரன்'னுக்கு 'சோதனை ஓட்டம்'னு எழுதுறாங்க. தப்பில்ல, ஆனா 'வெள்ளோட்டம்'னு அருமையான சொல் கையில இருக்கும்போது அது எதுக்கு?

கடைசியா தேர்தல். அமெரிக்காவுல வேட்பாளர் 'ரன்' பண்ணுவார், 'ரன் ஃபார் பிரெசிடென்ட்'. பிரிட்டன்ல 'ஸ்டான்ட் ஃபார் எலெக்‌ஷன்', நம்மளை மாதிரியே தேர்தல்ல நிக்கிறாங்க.