மேன்ஸ் லிப்ஸ்கம்பும் கேமராவும்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

படம் போடுவதற்கு முன் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். இன்று நாம் பார்க்கப்போவது லெஸ் பிளாங்க், ஸ்கிப் கெர்சனோடு சேர்ந்து 1971-ல் எடுத்த 'எ வெல் ஸ்பென்ட் லைஃப்' என்ற ஆவணப்படம். மொத்தம் 44 நிமிடம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நவசோட்டா என்று ஒரு சின்ன ஊர். அங்கே வாழ்ந்த மேன்ஸ் லிப்ஸ்கம்ப் என்ற கறுப்பின விவசாயியைப் பற்றிய படம் இது. கிட்டார் கலைஞர் என்று சொல்லாமல் விவசாயி என்று நான் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அவர் பாடிய முதல் இசைத்தட்டு பதிவானபோது அவருக்கு வயது 65.

1895-ல் பிறந்தவர். அப்பா அலபாமாவில் அடிமையாகப் பிறந்து, பிறகு பிடில் வாசித்துப் பிழைத்தவர். மகன் சின்ன வயதிலேயே பருத்தி வயலுக்குப் போனார். 1956 வரை ஒரு முதலாளி மாற்றி இன்னொரு முதலாளியிடம் வாரத்துக்கு, அதாவது விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டில், பயிரிட்டார். நிலம் முதலாளியுடையது. விளைச்சலில் பாதி அவருக்கு. விதை, வீட்டுச் சாமான் எல்லாம் கடனாக வரும். பருத்தி விற்றதும் கணக்குப் பார்ப்பவரும் அதே முதலாளிதான். இந்தக் கணக்கு எப்படி முடியும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிறகு ஹூஸ்டனில் ஒரு மரக் கம்பெனியில் வேலை, அங்கே ஒரு விபத்து. அதற்குக் கிடைத்த நஷ்டஈட்டுப் பணத்தில்தான் சொந்த ஊர் திரும்பி, வாழ்க்கையில் முதல் முறையாகக் கொஞ்சம் நிலம் வாங்கி வீடு கட்டினார்.

அந்தப் பகுதியில் டாம் மூர் என்று ஒரு பெரிய பண்ணையார். அவரைப் பற்றி, அவர் பண்ணையில் படும் பாட்டைப் பற்றி, உழைக்கும் மக்களிடையே ஒரு பாட்டு புழங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையைப் பாடிய லைட்னின் ஹாப்கின்ஸ் 1948-லேயே அதை இசைத்தட்டில் பாடினார். ஆனால் 'டாம்' என்பதை 'டிம்' ஆக்கித்தான் வெளியிட்டார்கள். 1960-ல் கிறிஸ் ஸ்டிராக்விட்ஸ், மாக் மெக்கார்மிக் என்ற இரண்டு ப்ளூஸ் ஆய்வாளர்கள் நவசோட்டாவுக்கு வந்து, இங்கே நன்றாகக் கிட்டார் வாசிப்பவர் யார் என்று விசாரித்தார்கள். மேன்ஸ் பெயர் வந்தது. அப்போது அவர் நெடுஞ்சாலை ஓரம் புல் வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. வேலை முடிந்து வீடு திரும்பியவரை உட்காரவைத்து அவர் வீட்டிலேயே பதிவு செய்தார்கள். ஸ்டிராக்விட்ஸ் தொடங்கிய ஆர்ஹூலி கம்பெனியின் முதல் இசைத்தட்டு அதிலிருந்து பிறந்தது. ஆனால் டாம் மூர் பாட்டு மட்டும் பாடியவர் பெயர் போடாமல் வேறொரு தொகுப்பில் வெளிவந்தது. பாடியவர் அதே ஊரில்தானே தொடர்ந்து குடியிருக்க வேண்டும்!

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், படத்தில் நீங்கள் பார்க்கப்போகும் மனிதர் அவ்வளவு நிதானமானவர். முகத்தில் கசப்பே தெரியாது. அதைப் பார்த்துவிட்டு, ஆஹா, கிராமத்து வாழ்க்கை எவ்வளவு இனிமை என்று நினைத்துவிடக் கூடாது. அந்த நிதானத்துக்குப் பின்னால் ஐம்பது வருட வார விவசாயம் இருக்கிறது.

சரி, படத்துக்கு வருவோம். பிளாங்க் இதற்கு முன் லைட்னின் ஹாப்கின்ஸைப் பற்றி ஒரு படம் எடுத்திருந்தார். முதல் நாள் சில பாட்டுகளைப் பாடிவிட்டு, காசைக் கொடுத்துக் கிளம்புங்கள் என்றாராம் ஹாப்கின்ஸ். அப்புறம் சீட்டாட்டத்தில் படமெடுக்க வந்தவர்கள் அவரிடம் தோற்றுக்கொண்டே இருந்ததால்தான் மனசு மாறித் திரும்ப வரவிட்டார் என்று பிளாங்க் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்திலும் மேன்ஸ் கொஞ்ச நேரம் வருவார். தனியாக அவரைப் பற்றியே ஒரு படம் என்பது இதுதான்.

மேன்ஸின் கச்சேரிப் பதிவு ஒன்றும் இருக்கிறது. 1969-ல் ஆஸ்டினில் டிவிக்காக எடுத்தது. கிட்டார் பழகுகிறவர்களுக்கு அது பொக்கிஷம், விரல்கள் தெளிவாகத் தெரியும். ஆனால் அந்த விரல்கள் ஏன் அப்படி நகர்கின்றன என்பதற்கு அதில் பதில் இல்லை. மேடை, நாற்காலி, மைக், அவ்வளவுதான். பதில் பிளாங்க் படத்தில் இருக்கிறது.

மேன்ஸின் வலது கட்டைவிரலைக் கவனியுங்கள். தடித்த கம்பியில் ஒரே சீராக விழுந்துகொண்டே இருக்கும், பாட்டு எங்கே போனாலும் அது தவறாது. பல காலம் அவர் வாசித்தது சனிக்கிழமை ராத்திரிகளில். யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் சாப்பிட்டு, விடியும்வரை ஆடுவார்கள். டிரம் கிடையாது, மைக் கிடையாது, ஒரே ஒரு கிட்டார். ஆடுகிறவர்களின் கால்களுக்கு அந்தக் கட்டைவிரல்தான் பறை. மற்ற விரல்கள் மேல் கம்பிகளில் மெட்டை வாசிக்கும். சில பாட்டுகளுக்குப் பேனாக்கத்தியைக் கம்பிமேல் இழுத்து வாசிப்பார்.

இன்னொன்று. அவர் தன்னை ப்ளூஸ்காரர் என்று மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. கதைப்பாட்டு, நடனப்பாட்டு, கோயில்பாட்டு எல்லாம் சேர்த்துச் சுமார் 350 பாட்டு அவருக்குத் தெரியும். நகரத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் சோக ப்ளூஸைத்தான் தேடினார்கள். நாம் விரும்பிக் கேட்டதை மட்டும் பதிவு செய்தால் நாம் விரும்பிய மனிதர்தான் கிடைப்பார். பிளாங்க் அப்படிச் செய்யவில்லை. பின்னணிக் குரல் வைத்து விளக்கவில்லை. மேன்ஸே பேசுகிறார். 1913-ல் மணந்த எல்னோராவோடு அந்த வீட்டில் அவர் வாழும் வாழ்க்கை, ஊர், பக்தி எல்லாம் பாட்டுகளுக்கு நடுவே வந்து போகின்றன. ஓர் இசைக் கலைஞரைப் படமெடுக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியாது. பாட்டு எந்த வாழ்க்கையிலிருந்து வந்ததோ அதை வெட்டி எறிந்துவிட்டு பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வது இன்னொரு வகை வாரம்தான் என்று நான் நினைக்கிறேன்.

1961 பெர்க்லி நாட்டார் இசை விழா முதல் பல மேடைகள் அவருக்குக் கிடைத்தன. பணம் பெரிதாகச் சேரவில்லை. 1974-க்குப் பிறகு உடம்பு முடியாமல் போய், 1976 ஜனவரி 30-ல் நவசோட்டாவிலேயே காலமானார். கை நன்றாக இருந்த காலத்தில் பிளாங்க் அங்கே போயிருக்கிறார், நமக்கு அது லாபம்.

அவருடைய டெக்சாஸ் பேச்சு முதல் ஐந்து நிமிடம் பிடிபடாது, பிறகு பழகிவிடும். படம் முடிந்ததும் இங்கேயே இருப்பேன், பேசுவோம்.