சாக்குத்துணியில் தைத்த சாட்சி

நடுவர் அவர்களே, சுங்கை சிப்புட் மக்களே, வணக்கம். மனித உரிமை மீறலை எதிர்க்க வலுவானது கலையா, வழக்கா என்பது தலைப்பு. "படம் வரைந்தால் போன உயிர் திரும்புமா?" என்று எதிரணித் தலைவர் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். திரும்பாது ஐயா, வழக்குப் போட்டாலும்தான் திரும்பாது. அநியாயம் செய்தவன் அடுத்துச் செய்கிற வேலை, அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று சாதிப்பது. கை ஓங்காமல் அந்தப் பொய்யை முதலில் உடைப்பது கலை.

சிலி நாட்டில் 1973-ல் பினோசே ராணுவ ஆட்சியைக் கொண்டுவந்தார். வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போகப்பட்டவர்களைக் காணவில்லை; கேட்டால், யாரையும் பிடிக்கவில்லை என்றார்கள். நீதிமன்றமும் கைவிரித்தது. காணாமல் போனவர்களின் தாய்மார்கள் தேவாலயத்தின் ஆதரவில் ஒன்றாக உட்கார்ந்து, சாக்குத்துணியின்மேல் ஒட்டுத்துணி வைத்துத் தைத்தார்கள். தள்ளி நின்று பார்த்தால் மலை, சூரியன், குட்டி வீடுகள், ஏதோ பிள்ளை வரைந்த படம் மாதிரி இருக்கும். கிட்டே போனால் "எங்கே அவர்கள்?" என்ற பதாகையோடு பெண்கள் நிற்பார்கள். காணாமல் போனவரின் சட்டையையே வெட்டித் தைத்தவர்களும் உண்டு. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. பெண்கள் கைவேலைதானே என்று முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை, அதற்குள் அந்தத் துணிகள் கடல் தாண்டிப் போய் உள்ளே நடப்பதை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டன.

நம் மலேசியாவிலும் 2016-ல் ஓவியர் ஃபாமி ரேசா அப்போதைய பிரதமர் நஜிப்பின் முகத்தைக் கோமாளியாக வரைந்தார். 2018-ல் ஈப்போ நீதிமன்றம் ஒரு மாதச் சிறை, 30,000 ரிங்கிட் அபராதம் என்றது. படத்துக்கு வலுவில்லை என்றால் இவ்வளவு பெரிய தண்டனை எதற்கு?

சரி, நம் லயத்துக்கே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கே வருகிறேன். 1942, 43-ல் ஜப்பான்காரன் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனான். எங்கள் பாட்டியின் அண்ணன் போனவர், திரும்பவில்லை. அவருக்குக் கல்லறை கிடையாது, கணக்குப் புத்தகத்தில் பெயர் கிடையாது. திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து பாட்டி வைக்கும் ஒப்பாரியில், அண்ணன் காலையில் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்றது, நீலக்கட்டம் போட்ட கைலியோடு லாரி ஏறியது, ரப்பர் பால்வாளியைப் பாட்டி கையில் கொடுத்துவிட்டுப் போனது எல்லாம் வரிசையாக வரும், ஒரு சொல் மாறாது. கூட்டிக்கொண்டு போனவனை வைது ஒரு வரியும் உண்டு, அந்த இடத்தில் மட்டும் குரலை உயர்த்துவார். சயாம் என்ற பேரையே நான் அதில்தான் கேட்டேன். அப்போது நான் பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை.