ஒரு ஸ்லாஷ் படுத்தும் பாடு

வணக்கம் நண்பர்களே. பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதுவது பெரிய வேலை இல்லை. கோப்புகளைக் காப்பி எடுக்கும் ஆர்சிங்க் கட்டளை ஒரு வரி, அதைத் தானாக ஓட்டும் கிரானில் நேரம் குறிக்க ஒரு வரி, முடிந்தது. தலைவலி எல்லாம் எந்த ஃபோல்டரை விட்டுவிட வேண்டும் என்று சொல்கிற இடத்தில்தான். இன்று அதை மட்டும் பார்க்கலாம்.

எதை விடலாம்? எது பெரிதாக இருக்கிறதோ அதைத் தூக்கிவிடுவதுதான் பலரின் வழக்கம். அளவைப் பார்க்காதீர்கள், திரும்ப உருவாக்க முடியுமா என்று பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்டுக்கு இறக்கிய பேக்கேஜ்கள் கிடக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் போனால் என்பிஎம் இன்ஸ்டால் கொடுத்தால் வந்துவிடும். எது எந்தப் பதிப்பு என்று குறித்திருக்கும் பேக்கேஜ் லாக் கோப்பு பத்திரமாக இருந்தால் போதும். ஹோமில் இருக்கும், புரோகிராம்கள் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் டாட் கேஷும் அப்படித்தான். ஆனால் கோடின் மாற்ற வரலாறு இருக்கும் டாட் கிட் ஃபோல்டரில் கை வைக்காதீர்கள். அதுதான் கிட்ஹப்பில் இருக்கிறதே என்பீர்கள். அங்கே அனுப்பாத, அதாவது புஷ் செய்யாத கமிட்டும், பாதி வேலையாக ஸ்டாஷில் ஒதுக்கிப் போட்டு வைத்ததும் அங்கே இல்லை, உங்கள் மெஷினில் மட்டும்தான் இருக்கின்றன. டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுப்பதில் பயனில்லை. அதை விட்டுவிட்டு, டேட்டாவைக் கோப்பாக எழுதித் தரும் டம்ப் எடுத்து அந்தக் கோப்பைச் சேருங்கள்.

சரி, இப்போது ஸ்லாஷ். ஆர்சிங்க்கில் எதை விட வேண்டும் என்று சொல்லும் எக்ஸ்க்ளூட்டில் வெறுமனே டெம்ப் என்று எழுதினால், எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் அந்தப் பெயருள்ள எல்லாமே விடுபடும், கோப்பு உட்பட. நம் ஊரில் டெம்ப் என்ற ஃபோல்டரில்தான் ஆதார் நகலும் பத்திர ஸ்கேனும் இருக்கும்! கடைசியில் ஸ்லாஷ் போட்டால் ஃபோல்டருக்கு மட்டும் பொருந்தும். முன்னால் ஸ்லாஷ் போட்டால் மேல் மட்டத்தில் இருப்பதற்கு மட்டும் பொருந்தும். மேல் மட்டம் என்றால் கம்ப்யூட்டரின் ரூட் அல்ல, நீங்கள் காப்பி எடுக்கச் சொன்ன இடத்தின் தொடக்கம். அதனால்தான் ஸ்லாஷ் ஹோம் என்று தொடங்கி முழுப் பாதையையும் எழுதினால் பெரும்பாலும் எதுவுமே விடுபடாது. பிழைச் செய்தியும் வராது, கமுக்கமாக எல்லாவற்றையும் காப்பி எடுத்துக்கொண்டு போய்விடும்.

இன்னொரு சிக்கல் கிரானில். டெர்மினலில் சுருள் அடைப்புக்குள் காற்புள்ளி வைத்து நாலைந்து பெயர்களைச் சேர்த்து எழுதுவோம். அதைப் பிரித்துக் கொடுப்பது ஆர்சிங்க் இல்லை, டெர்மினலில் கட்டளையைப் படிக்கும் பாஷ் ஷெல். கிரான் வழக்கமாகக் கூப்பிடுவது எஸ்எச் ஷெல்லை. டெபியனிலும் உபுண்டுவிலும் அது டாஷ், அதற்கு இந்தச் சுருள் அடைப்பு தெரியாது. கையால் ஓட்டினால் சரியாக இருக்கும், ராத்திரி தானாக ஓடும்போது எதுவும் விடுபடாது. இதற்கு மருந்து, விட வேண்டிய பட்டியலைக் கோப்பிலிருந்து படிக்கும் எக்ஸ்க்ளூட் ஃப்ரம். தனிக் கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். ஹாஷ் போட்டு, எதற்காக விட்டீர்கள் என்று காரணத்தையும் மேலே எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது அதன் அருமை தெரியும்.

அப்புறம் டெலீட், அதாவது மூலத்தில் இல்லாததை பேக்கப்பிலிருந்தும் நீக்கும் ஆப்ஷன். ஒரு ஃபோல்டரை இன்று புதிதாக விலக்கினாலும், போன வாரம் எடுத்த காப்பி பேக்கப் டிஸ்க்கிலேயே கிடக்கும். வெறும் டெலீட் அதைத் தொடாது. அதையும் துடைக்க டெலீட் எக்ஸ்க்ளூடட் என்று தனியாக ஒன்று இருக்கிறது. இடம் மிச்சமாகும்தான். ஆனால் விலக்குவதற்கு எழுதிய பேட்டர்ன் தவறாக இருந்தால் நல்ல காப்பியும் சேர்ந்து போய்விடும். அதனால் நான் அதை ஸ்கிரிப்டில் வைப்பதே இல்லை. தேவைப்படும்போது கையால் ஓட்டுவேன், அதுவும் எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் டிரை ரன் பார்த்த பிறகு.

டிரை ரன் போடும்போது விவரம் காட்டும் வி என்ற ஆப்ஷனை இரண்டு தடவை சேருங்கள். எந்த ஃபோல்டர் எந்தப் பேட்டர்னால் மறைக்கப்பட்டது என்று வரிவரியாகச் சொல்லும். பலருக்கு இது தெரிவதில்லை.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு, அதிலேயே இருக்கும் காப்பிக் கட்டளையான ரோபோகாப்பியில் ஃபோல்டரை விலக்க எக்ஸ்டி என்ற சுவிட்ச். பெயர் மட்டும் கொடுத்தால் எல்லா ஆழத்திலும் விடும், முழுப் பாதை கொடுத்தால் அந்த ஒன்றை மட்டும். இங்கே முழுப் பாதை வேலை செய்யும், ஆர்சிங்க்குக்கு நேர் எதிர். யூசர் ஃபோல்டரை எடுக்கிறீர்கள் என்றால் ஜங்ஷன்களை, அதாவது வேறு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் இணைப்புகளைத் தவிர்க்கும் எக்ஸ்ஜேவும் சேருங்கள். இல்லாவிட்டால் அப்ளிகேஷன் டேட்டா ஜங்ஷனுக்குள் புகுந்து சுற்றிக்கொண்டே இருக்கும். எல் போட்டால் காப்பி எடுக்காமல் பட்டியல் மட்டும் காட்டும்.

நான் பயன்படுத்தும் எக்ஸ்க்ளூட் கோப்பைக் கீழே விளக்கத்தில் போட்டிருக்கிறேன். பெயர்களை உங்கள் ஃபோல்டருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு, முதலில் டிரை ரன்னில் ஓட்டிப் பாருங்கள்.