பதிவு செய்தாச்சு, அப்புறம்?

(அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், பின்னால் நிற்கிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். முன்வரிசை காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள். பேசப்போவது உங்களைப் பற்றித்தான்.

நம் திருநெல்வேலிச் சீமையில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வந்த கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிடுகிறோம். இப்போது பள்ளிக்கூடத்திலேயே பதிந்து கொடுக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும், ஒருநாள் வேலைக்கு அழைக்கிற கார்டு வீடு தேடி வரும் என்று இருக்கிறோம். இந்தக் காத்திருப்பைக் கலைக்கத்தான் நான் வந்தேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய படைவீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945-ல் தொடங்கியவை இந்த அலுவலகங்கள். 1959-ல் வந்த சட்டம், அரசுத் துறைகளும் 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற தனியார் நிறுவனங்களும் தங்கள் காலியிடங்களை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவிக்கத்தான் சொன்னது, அங்கிருந்து வருகிறவரைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 1996-ல் உச்ச நீதிமன்றம், அலுவலகப் பட்டியலோடு நிற்காமல் விளம்பரமும் கொடுத்து ஆள் எடுக்க வேண்டும் என்றது. இன்றைக்கு கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் எல்லாம் டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிற குரூப் 4 தேர்வு வழியாகத்தான். ஆகவே முதலில் பதிந்தவருக்கு முதலில் அழைப்பு என்கிற பதிவு மூப்பை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

அப்படியானால் அந்த அலுவலகம் எதற்கு? பெருமாள்புரத்தில் இருக்கிற நம் மாவட்ட வேலைவாய்ப்பு மையத்துக்குப் போய்ப் பாருங்கள். தன்னார்வ பயிலும் வட்டம் என்று போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள், மாதிரித் தேர்வும் வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடக்கிறது. இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது, அங்கே உட்கார்ந்து ஆலோசனை கேட்கலாம் என்பது. அதைத்தான் நம் பிள்ளைகள் கேட்பதில்லை.

முக்கூடல் பக்கம், மேலப்பாளையம் பக்கம் எத்தனையோ வீடுகளில் அம்மா பீடி சுற்றித்தான் மகளைப் படிக்க வைத்திருப்பார். மகள் பி.காம். முடித்திருப்பாள். முடித்த மறுமாதமே அவள் மடியிலும் பீடித் தட்டு வந்துவிடும். அந்தப் பெண்ணுக்குத் திறமை இல்லையா? இருக்கிறது. 'உனக்கு என்னம்மா செய்யத் தெரியும், எது பிடிக்கும், உங்கள் ஊரிலிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டுமா' என்று அவளிடம் யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. நல்ல ஆலோசகர் இதைத்தான் முதலில் கேட்பார். பதிலைப் பார்த்துவிட்டு, கணக்கு எழுதுகிற வேலையா, வங்கித் தேர்வா, மூன்று மாதப் பயிற்சியா என்று வழியைக் குறுக்கித் தருவார். எல்லா விண்ணப்பத்தையும் போட்டுப் பார்த்து, எதற்கும் பதில் வராமல் சோர்ந்துபோகிற பிள்ளைக்கு, இரண்டே வழியை மனத்தில் வைத்துக்கொள் என்று ஒருவர் சொல்வது எவ்வளவு பெரிய உதவி! பயோடேட்டாவை ஒரு பக்கத்துக்குச் சுருக்கவும், நேர்முகத் தேர்வில் தலையை நிமிர்த்திப் பேசவும் பழக்கிக் கொடுப்பார்கள்.

அந்த ஆலோசனைக்குத் தாய் தகப்பனும் கூடப் போக வேண்டும் என்பது என் கருத்து. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் டாடா பவர் நிறுவனத்தின் சூரிய மின்தகடு தொழிற்சாலை 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனாலும் ஷிப்ட் என்ற சொல்லைக் கேட்டதுமே, 'வேண்டாம் தாயி' என்று சொல்லிவிடுகிற வீடுகள் நம்மிடம் உண்டு. கம்பெனி பஸ் எங்கே நிற்கும், கூட யார் வருவார்கள் என்று பெற்றவர்களே நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். மீதி பயத்தை அந்தப் பிள்ளையே சம்பளம் வாங்கிவந்து தீர்த்துவிடும்.

பையன்களுக்கும் ஒன்று. எல்லாரும் இன்ஜினியரிங் என்று ஓட வேண்டாம். பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் படித்தால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. முடித்ததும் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு மகேந்திரகிரி இஸ்ரோ மையம் போன்ற இடங்களிலும் ஆள் எடுக்கிறார்கள். அறிவிப்பு வந்து போன பிறகு தெரிந்து என்ன பயன்? வேலைவாய்ப்பு மையத்தோடு தொடர்பில் இருங்கள்.

வேலை இல்லாதவர்களுக்கு அரசு தருகிற உதவித்தொகை பற்றிப் பலர் கேட்டீர்கள். பதிவு செய்து ஐந்து வருஷம் முடிந்தும் வேலை இல்லை, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் என்றால் பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய், மூன்று வருஷத்துக்குத் தருகிறார்கள். இந்தக் காலத்தில் 600 ரூபாய் பஸ் செலவுக்கே காணாது. அதை உயர்த்த வேண்டும் என்று நான் எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் வாங்காமல் விடாதீர்கள். வாங்கினால் பதிவு ரத்தாகிவிடும் என்பது வதந்தி.

வெளிநாட்டு வேலை என்று ஏஜெண்டிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மத்திய அரசின் உரிமம் உள்ள ஏஜெண்டே ஆனாலும் 30,000 ரூபாயும் வரியும்தான் கட்டணமாக வாங்கலாம். தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை 1978 முதல் நடத்துகிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

முகாமுக்குப் போகிறவர்கள் அசல் சான்றிதழோடு நகலும், ஆதாரும், நாலைந்து பயோடேட்டாவும், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு எண் மறந்தவர்கள், புதுப்பிக்கும் மாதம் எதுவென்று தெரியாதவர்கள் இங்கேயே இருங்கள். செல்போனிலேயே ஒவ்வொருவருக்காகப் பார்த்துவிடலாம்.