ஸ்டைல்ஸ் பேனல் சொல்பேச்சு கேட்கவில்லையா?

வணக்கம். காரைக்குடியிலிருந்து பேசுகிறேன்.

[திரையில்: டைல்ஸ் பட்டறையின் முகப்புப் பக்கம்]

ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறைக்கு வெப்சைட் செய்துகொண்டிருந்தேன். தலைப்புப் பட்டையின் சிவப்பு, அவர்கள் கல்லில் வரும் சிவப்பு போலவே இருக்க வேண்டும் என்றார் பட்டறைக்கார அண்ணன். பக்கத்தின் தோற்றத்தை முடிவு செய்யும் சிஎஸ்எஸ் கோப்பில் நிறத்தை மாற்றி சர்வரில் ஏற்றினேன். என் லேப்டாப்பில் பழைய சிவப்பே நிற்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் அழுத்தி கேஷை, அதாவது பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய நகலை, தாண்டி ஏற்றிப் பார்த்தேன். ம்ஹூம். பக்கத்தின் உள்ளே பார்க்க உதவும் குரோமின் டெவ்டூல்ஸே பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

[திரையில்: எஃப் 12 அழுத்தியதும் திறக்கும் ஸ்டைல்ஸ் பேனல்]

பக்கத்துக்கான சிஎஸ்எஸ் விதிகளைக் காட்டும் இந்தப் பேனலை முதலில் பார்த்துவிடுவோம். மேலே ஃபில்டர் பெட்டியில் ஏதாவது எழுத்து மிச்சம் இருந்தால், அதோடு பொருந்தாத விதிகள் மறைந்துபோகும். அழித்தால் வந்துவிடும். ஒரு வரியின் குறுக்கே கோடு விழுந்து, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் அந்த வரியை பிரவுசர் ஏற்கவில்லை என்று பொருள், எழுத்துப்பிழையைத் தேடுங்கள். முக்கோணம் இல்லாமல் கோடு மட்டும் என்றால், பெரும்பாலும் வேறொரு விதி அதை மீறியிருக்கும். பேனலே வெறுமையாக வந்தால் இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள். பிரவுசரில் நாம் கூடுதலாகச் சேர்த்த எக்ஸ்டென்ஷன்கள் அங்கே வழக்கமாக ஓடாது. ஆகவே அங்கே சரியாக இருந்தால் சந்தேகம் எக்ஸ்டென்ஷன் மேல்தான்.

எனக்கு இவை எதுவும் இல்லை. அப்போதுதான் அண்ணனிடமிருந்து போன்: "தம்பி, என் போன்ல கலர் அப்படியே நம்ம கல்லு மாதிரியே வந்திருச்சே!"

சரி, அப்படியென்றால் சர்வரில் கோப்பு சரி. கோளாறு என் லேப்டாப்பில்.

[திரையில்: சோர்சஸ் பகுதி, அதில் ஓவர்ரைட்ஸ்]

கோப்பின் ஐகானில் இந்த ஊதாப் புள்ளியைப் பாருங்கள். லோக்கல் ஓவர்ரைட்ஸ் இயங்குகிறது என்பதற்கு இதுதான் அடையாளம். 2018-இல் குரோம் 65-இல் வந்த வசதி. ஸ்டைல்ஸ் பேனலில் செய்யும் மாற்றத்தை உங்கள் கணினியின் ஒரு ஃபோல்டரில் சேமித்து, அடுத்த முறை பக்கம் ஏறும்போது சர்வர் கோப்புக்குப் பதில் அதையே கொடுக்கும். கேஷை எத்தனை முறை தாண்டினாலும் பலன் இல்லாதது இதனால்தான்: பழைய நிறம் வந்தது கேஷிலிருந்து அல்ல, என் டிஸ்கிலிருந்து.

ஆத்தங்குடிக் கல்லை வார்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடி மேல் நிறத்தை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போடுவார்கள். மேலிருந்து பார்த்தால் சிமெண்ட் மட்டும்தான். பூ அடியில் இருக்கிறது. என் புதுச் சிவப்பும் அப்படித்தான் அடியில் கிடந்தது.

ஒரு வாரம் முன்னால் சோதனைக்காக லோக்கல் ஓவர்ரைட்ஸைப் போட்டு, அணைக்க மறந்திருந்தேன். "எனேபிள் லோக்கல் ஓவர்ரைட்ஸ்" டிக்கை எடுங்கள், பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். அந்த ஃபோல்டரை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். சர்வருக்குப் போகாத உங்கள் வேலை அதில் இருக்கலாம்.

[திரையில்: புதிய சிவப்போடு முகப்புப் பக்கம்]