குடிபோன நண்பர்கள் வீட்டில் பதினொரு நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

புதுவீடு குடிபோனவர்களைப் போய்ப் பார்த்து வருவது நம் காவிரிப் படுகையில் எல்லோருக்கும் பழகிய காரியம். ஒரு சீப்பு பூவன்பழமும் நாலு முழம் பூவும் வாங்கிக்கொண்டு, நீடாமங்கலத்திலோ கும்பகோணத்திலோ பேருந்து மாறிப் போய், வீட்டைச் சுற்றிப் பார்த்து, நல்ல காற்றோட்டம் என்று ஒரு வார்த்தை சொல்லி, காபி குடித்துவிட்டு விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடலாம். குடிபோனவர்கள் கடல் தாண்டிப் போயிருந்தால் விருந்தாளி எப்படி நடந்துகொள்வது என்பதற்கு நம்மிடம் இன்னும் வழக்கம் ஒன்றும் ஏற்படவில்லை. அதைப் பற்றித்தான், நானே தவறு செய்து தெரிந்துகொண்ட அளவில், இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் புவியியல் கற்பிப்பவன். வீட்டுக்கு எட்டு மா நிலம் உண்டு. கடைமடை நிலம் என்பதால் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் எனக்கு ஒரு நாளும் கழிவதில்லை. இன்றும் அது நடக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். கும்பகோணத்தில் என்னோடு கல்லூரியில் படித்து, பிறகு கணவன் மனைவியான இருவர், தோழிக்கு நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் வேலை கிடைத்ததால், 2022இல், ஐம்பதை நெருங்கும் வயதில், சென்னை வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே குடிபோனார்கள். நண்பர் தம் வேலையை விட்டுவிட்டு உடன் போனார். அடுத்த ஆண்டு மே மாத விடுமுறையில் நானும் என் மனைவியும் பதினொரு நாள் அவர்களோடு தங்கினோம். பால் பண்டங்களைப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் நெய்யும் பால்கோவாவும் எங்கள் பெட்டியிலிருந்து இறங்கின. மணத்தக்காளி வற்றலும் சுண்டைக்காய் வற்றலும் காபிப் பொடியும் ஏறின.

என் தவறு முதல் இரவே நடந்தது. இரவு என்பது பெயருக்குத்தான், மே மாதத்தில் அங்கே ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. வற்றல் குழம்பு பரிமாறிக்கொண்டிருந்த நண்பரிடம், "எப்போதுடா ஊருக்குத் திரும்பி வரப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். அன்பினால் கேட்டதுதான். அவர் கரண்டியைக் குழம்பிலேயே வைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்தார். தோழி, "முதல்ல சாப்பிடுங்க" என்றார். மேசைக்கு அடியில் என் மனைவி என் காலை மிதித்தார். நேயர்களே, பெட்டியை இன்னும் முழுவதுமாகப் பிரிக்காத ஒருவரிடம் எப்போது கட்டுவாய் என்று கேட்பது எவ்வளவு கொடுமை என்பது, அந்த மிதி விழும் வரை எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் நான் கொண்டுபோயிருந்த பட்டியலை எடுத்தேன். காற்றாலைகள், பூந்தோட்டம், ஓவியக்கூடம் என்று வரிசையாக எழுதியிருந்தேன். நண்பர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அன்று வியாழக்கிழமை, சந்தை நாள், முதலில் காய் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றார். அந்தப் பட்டியலில் பாதியைக்கூட நாங்கள் கடைசி வரை பார்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

சந்தைக்குப் போகும் வழியெல்லாம் கால்வாய்க் கரைதான். டெல்ஃப்ட் என்ற பெயரே அவர்கள் மொழியில் தோண்டுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்றும், வெட்டிய கால்வாயின் கரையில் உண்டான ஊர் இது என்றும் நண்பர் நடந்துகொண்டே சொன்னார். அப்படியானால் இதுவும் ஒரு வெட்டாறுதான் என்றேன். அவர் சிரித்த சிரிப்பு கல்லூரி நாள்களில் கேட்ட அதே சிரிப்பு. பிறகு ஒரு பழைய கட்டடத்தின் முன்னே நிறுத்தினார். முகப்பு முழுவதும் வண்ணக் குலச்சின்னங்கள் தீட்டிய அந்தக் கல் மாளிகை, அவ்வட்டாரத்தின் தண்ணீரை ஆளும் வாரியத்துக்கு உரியது. அந்த வாரியம் 1289 முதல் இருந்துவருகிறது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். காய் வாங்க நேரமாகிறது என்று மனைவி இரண்டு முறை கூப்பிட்டார்.

இனி தண்ணீர்ப் பேச்சு. நம் ஆறு கல்லணையில் பிரிந்து, தலைமடையிலிருந்து கடைமடைக்குச் சரிவிலே தானாக இறங்கி வருகிறது. அங்கே வயல்வெளியின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே, கால்வாயைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. பெய்கிற மழை தானாக எங்கும் வடியாது. கீழே உள்ள வயலிலிருந்து மேலே உள்ள கால்வாய்க்கு ஏற்றி, அங்கிருந்து கடலுக்குத் தள்ள வேண்டும். முன்பு காற்றாலை ஏற்றியது, இப்போது பம்பு ஏற்றுகிறது. ஏற்றம் இறைத்ததைக் கண்டவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். நாம் பயிருக்குத் தண்ணீர் கொடுக்க இறைத்தோம். அவர்கள் பயிரிடமிருந்து தண்ணீரை எடுக்க இறைக்கிறார்கள். தண்ணீர் வருமா என்பது நம் கவலை, போகுமா என்பது அவர்கள் கவலை. எங்களைப் போன்ற கடைமடைக்காரர்களுக்கு இரண்டு கவலையும் உண்டு. ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். ஐப்பசி, கார்த்திகையில் சம்பாப் பயிர் மூழ்கும்போது, வெங்காயத்தாமரை அடைத்த வடிகாலில் அதே தண்ணீர் இறங்க மறுக்கும்.

இவ்வளவையும் எனக்கு எடுத்துச் சொன்னவர் என் நண்பர் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். கல்லூரியில் வணிகவியல் படித்தவர் அவர். மதகுக்கும் கலிங்குக்கும் வேறுபாடு தெரியாதவர். அந்த வாரியத்துக்கு வீட்டுக்கு வீடு வரி உண்டு, வாடகைக்கு இருப்பவரும் கட்ட வேண்டும், நான்கு ஆண்டுக்கு ஒரு முறை அதற்குத் தேர்தலும் உண்டு. தமக்கு வந்த வரிச்சீட்டைக் காட்டி, தொகை அதிகம் என்று ஒரு மணி நேரம் குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் குறையில் ஒரு சொந்தம் இருந்தது. மாதக் கணக்கில் அவர் இதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துவைத்திருந்தும், கேட்டு வியப்பதற்கு அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு அது தெரிந்த கதை. மனைவிக்கு அலுவலகத்திலேயே நாள் போய்விடுகிறது. ஆகவே மறுபடியும் சொல்கிறேன், அப்படிப்பட்ட வீட்டுக்குப் போனால் திரும்புவதைப் பற்றிக் கேட்காதீர்கள். காய் எங்கே வாங்குகிறீர்கள், முடி எங்கே வெட்டிக்கொள்கிறீர்கள், வரி எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள். அவர்கள் பேசட்டும்.

அந்த ஊரில் எல்லோருக்கும் மிதிவண்டிதான். முப்பது ஆண்டு வாய்க்கால் கரையில் மிதித்தவன் என்ற துணிவில் நானும் ஒன்றை ஏறி மிதித்தேன். அவ்வண்டியில் கைப்பிடியில் பிரேக் கிடையாது, பெடலைப் பின்னுக்கு மிதித்தால் வண்டி நின்றுவிடும் என்று நண்பர் சொன்னது என் காதில் விழவில்லை. நமக்கோ சும்மா போகும்போது பெடலைப் பின்னால் சுற்றிக்கொண்டே போகிற பழக்கம். பத்து கஜம் போவதற்குள் வண்டி நின்றது, நான் நிற்கவில்லை. கால்வாயில் விழாமல் அதன் கரையில் விழுந்தது என் முன்னோர் செய்த புண்ணியம். பக்கத்து வீட்டு மூதாட்டி ஓடிவந்து, முழங்காலுக்கு மருந்து போட்டு, காபியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார். 2018இல் கஜா புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்த கதையை நண்பர் அவருக்கு மொழிபெயர்த்தார். 1953 பிப்ரவரியில் கடல் கரையை உடைத்து அவர்கள் நாட்டில் 1,836 பேரைக் கொண்டுபோனபோது தாம் சிறுமி என்று அவர் சொன்னார். அதற்கு மேல் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

நண்பர் வீட்டுக் கழிவறைச் சுவரில் தொங்கிய பிறந்தநாள் நாள்காட்டியும் அந்த மூதாட்டி கொடுத்ததுதான். அதைக் கழிவறையில் மாட்டுவது அந்நாட்டு வழக்கம். வானொலியில் இதைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். நாம் கக்கூசு என்று சொல்லும் சொல்லே டச்சுக்காரர்கள் விட்டுப்போனதுதான்; துட்டும் அப்படியே. 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் அவர்கள் கையில் இருந்ததல்லவா? அந்த நாள்காட்டியில் நாங்கள் போன அன்று நான்கே பெயர்கள் இருந்தன. என் பெயரை எழுத நண்பர் பேனாவை எடுத்தார். நான் பிறந்தது மாசி மாதம், பள்ளியில் எழுதிக்கொண்டது ஜூன் மாதம். எதை எழுதுவது என்று நெடுநேரம் வழக்காடி, கடைசியில் இரண்டிலும் எழுதினார்.

லெய்டன் நகரத்துக்குப் போனதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன். எனக்கு அளித்த நேரம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை இராசராச சோழன் அளித்ததைச் சொல்லும் 21 செப்பேடுகள் அப்போது லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தன. முன்னனுமதி பெறாமல் போனதால் எங்களால் பார்க்க இயலவில்லை. கீழ்வேளூர்ப் பக்கத்து வயலின் கணக்கு உள்ளே இருக்க, கீழ்வேளூர் வழியாக எத்தனையோ முறை பேருந்தில் போன நாங்கள் நால்வரும் வெளியே மழையில் நின்றோம். நண்பர் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "வாங்க, நம்ம ஊருக்குப் பத்து நிமிஷத்துல ரயில் இருக்கு" என்றார். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

வணக்கம்.