காந்தக் கோடு அறுந்து ஒட்டினா, எலக்ட்ரானுக்கு வேகம் எங்கிருந்து வருது?

(திரையில்: பூமியின் இரவுப் பக்கம், பின்னால் நீண்டு கிடக்கும் காந்தவால்)

"கோடு அறுந்துச்சு, துகள் தெறிச்சுது." எதிரெதிர்த் திசைக் காந்தக் கோடுகள் அறுந்து மாறி ஒட்டுறதுதான் காந்த மறுஇணைப்பு. அதைப் பத்தின பெரும்பாலான அனிமேஷன் இதோட முடிஞ்சிரும். ஆனா காந்தப்புலம் மின்துகளைத் திருப்பும், சுழற்றும், அவ்வளவுதான். அதோட விசை எப்பவும் வேகத்துக்குச் செங்குத்து, அதனால செய்யிற வேலை பூஜ்யம். வேகத்தைக் கூட்டணும்னா மின்புலம் வேணும். அது எங்க இருக்கு, எவ்வளவு இருக்கு? கணக்குப் போட்டே பாத்துருவோம்.

(திரையில்: எதிரெதிர்த் திசை அம்புகள், நடுவில் மின்னோட்டத் தகடு, அதாவது மின்னோட்டம் பாயும் மெல்லிய பரப்பு)

காந்தவால்ல புலம் 20 நானோடெஸ்லா, கன சென்டிமீட்டருக்கு 0.1 புரோட்டான்னு வச்சுக்குங்க. மேல் பாதியில கோடுகள் பூமியைப் பாத்து, கீழ்ப் பாதியில எதிர்ப்பக்கம். இதுக்கு ஆல்வென் வேகம், அதாவது காந்தக் கோட்டுல அதிர்வு ஓடுற வேகம், நொடிக்கு சுமார் 1,400 கிலோமீட்டர். மறுஇணைஞ்ச கோடு வளைஞ்சு, விறைப்போட இருக்கும். நிமிரும்போது பிளாஸ்மாவை (மின்துகள்களாப் பிரிஞ்ச வாயுவை) ஏறக்குறைய இந்த வேகத்துல வெளிய தள்ளும். உள்ள வர்ற வேகம் இதுல பத்துல ஒரு பங்கு. உள்வரும் வேகத்தைப் புலத்தால பெருக்குங்க: மீட்டருக்கு 3 மில்லிவோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. நாகர்கோவில்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் நீட்டினாக்கூட 60 வோல்ட்டைத் தாண்டாது. பைக் பேட்டரி அஞ்சு!

இன்னொரு அளவும் வேணும். இந்த அடர்த்தியில புரோட்டான் காந்தக் கோட்டைக் கைவிடுற தூரம், அதாவது இதைவிடச் சின்ன அளவுல அது கோட்டோட ஒட்டி நகராதுங்கிற எல்லை, சுமார் 720 கிலோமீட்டர், அதாவது கன்னியாகுமரி டு சென்னை. எலக்ட்ரான் கைவிடுறது 17 கிலோமீட்டர்ல, நாகர்கோவில்ல ஏறி கன்னியாகுமரி போய்ச் சேர்ற தூரம்கூட இல்ல. கோடு உண்மையில மாறி இணையுறது இந்தச் சின்ன இடத்துலதான். அங்க எலக்ட்ரானுக்கு நேரடியா மின்புலம் கிடைக்கும், ஆனா எலக்ட்ரான் அங்க ரொம்ப நேரம் நிக்காது. ஒரு எலக்ட்ரான் ஒரு வோல்ட்டைக் கடந்தா கிடைக்கிற ஆற்றல் ஒரு எலக்ட்ரான்வோல்ட். 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட் தாண்டுற துகள்களுக்கு இந்த ஒரு இடத்தை மட்டும் காரணம் சொன்னா கணக்கு இடிக்கும்.

(திரையில்: சுருங்கும் காந்தத் தீவு (கோடுகள் வளையமாக மூடிய பகுதி), உள்ளே முன்னும் பின்னும் ஓடும் எலக்ட்ரான்)

பெரிய வரவு வெளிய, சுருங்குற வளைவுகள்ல. எலக்ட்ரான் கோட்டைப் பிடிச்சு ஓடி, வளைவுல திரும்பும்போது பக்கவாட்டுல நகரும். அந்த நகர்வு மின்புலத்துக்கு எதிர்த்திசை; எலக்ட்ரானோ எதிர்மின்சுமை, அதனால ஆற்றல் கூடும். வளைவு 1,400 கிலோமீட்டர் வேகத்துல எதிர வந்தா, ஒரு திரும்பலுக்கு அதுல ரெண்டு மடங்கு, 2,800 கிலோமீட்டர், வேகத்துல சேரும். 1 கிலோ எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரானோட வேகம் நொடிக்கு 18,700 கிலோமீட்டர். முதல் திரும்பல்லயே ஆற்றல் 30 சதவீதம் ஏறும். பத்து திரும்பல்ல 6 மடங்கு. இதுதான் ஃபெர்மி முடுக்கம். கூடவே புலம் அழுந்தி மூணு மடங்கானா, கோட்டைச் சுத்துற ஆற்றலும் மூணு மடங்காகும், அது பீட்டாட்ரான்.

எப்ப கெட்டுப்போகும்? 20 நானோடெஸ்லாவுல அந்த 1 கிலோ எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரானோட சுழல் ஆரம், அதாவது கோட்டைச் சுத்துற வட்டத்தோட ஆரம், 5 கிலோமீட்டர். கோட்டோட வளைவு ஆரம் அதுக்குப் பக்கத்துல வந்துட்டா, எலக்ட்ரான் சிதறி, ஒழுங்கான துள்ளல் கலைஞ்சிரும். தகட்டுல மின்னோட்டம் ஓடுற திசையிலயே வலுவான காந்தப்புலம் (வழிகாட்டிப் புலம்) இருந்தா வளைவே தளர்ந்து ஃபெர்மி படுத்துரும். அப்ப கோட்டோட நீளவாக்குல இருக்கிற மின்புலம்தான் பெரிய ஆள். முப்பரிமாணத்துல தீவு முழுசா மூடினதும் இல்ல, துகள் வழிஞ்சு ஓடிரும். ரெண்டு பரிமாண சிமுலேஷன் படத்தை மட்டும் பாத்து முடிவு கட்டுறவங்க தடுமாறுறது இங்கதான்.

(திரையில்: காந்த மறுஇணைப்பை ஆராயும் நாசாவின் எம்எம்எஸ், நான்முகி அமைப்பில் நான்கு விண்கலங்கள்)

17 கிலோமீட்டர் பகுதி ஒரு கலத்தைக் கடக்க ஒரு நொடிகூட ஆகாம போகலாம். 2000-ல போன கிளஸ்டர் கலங்கள் ஒருதடவை சுத்தி முழுத் திசையையும் பாக்கவே 4 நொடி ஆச்சு. 2015 மார்ச்ல போன எம்எம்எஸ் சுழற்சிக்காகக் காத்திருக்கல. கலத்தைச் சுத்திலும் உணரிகளைப் பொருத்தி, 30 மில்லிநொடிக்கு ஒருதடவை எலக்ட்ரான்களை எண்ணுது.

அந்தத் தரவைத் திறந்தா, எலக்ட்ரான் போற திசைக்கும் காந்தக் கோட்டுக்கும் நடுவுல உள்ள கோணத்தை முதல்ல பாருங்க. கோட்டோட 0 பாகை, 180 பாகை ரெண்டுலயும் ஆற்றல் மிக்க எலக்ட்ரான் குவிஞ்சிருந்தா ஃபெர்மியைச் சந்தேகிக்கலாம்; 90 பாகையில குவிஞ்சா பீட்டாட்ரான். எல்லாக் கோணத்துலயும் சமமா இருந்தா சிதறல் தடயத்தை அழிச்சிருக்கலாம். அப்ப நாலு கலத்தோட காந்தமானியையும் சேர்த்து, வளைவு ஆரத்தைக் கணக்குப் போட்டு, சுழல் ஆரத்தோட ஒப்பிட்டுத்தான் ஆகணும்.